மதகடியாளை வெட்டினால் முப்பது பொன்

நீங்கள் கடைசியாக வெட்டிச் சாய்த்த அரக்கனின் பெயர் என்ன?

கைப்பேசி விளையாட்டில்தான். பேருந்தில் நின்றுகொண்டோ, சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் ஆறவிட்டோ, கட்டைவிரல் தேயத் தேய நீங்கள் கொன்ற அந்தக் கொம்பு முளைத்த ஜந்துவுக்கு ஒரு பெயர் இருந்தது. திரையின் மேலே எழுதியிருந்தது. படித்தீர்களா? ஒரு காலத்தில் எவனோ ஒரு விவசாயி, வெடித்த வயலில் நின்று மழைக்காகக் கூப்பிட்ட பெயராக அது இருக்கலாம் என்று தோன்றியதா?

தோன்றியிராது. நாகர்கோவில் பக்கத்து நெய்யூரில் பெர்லின் என்ற பெண்ணுக்கு அது பதினைந்து வயதிலேயே தோன்றியது. தோன்றியும் ஒருநாள் சறுக்கினாள். சறுக்கியது எங்கேயோ சிரியாவிலோ நார்வேயிலோ இல்லை; தன் வீட்டு வாசலில்.

பெர்லின் பிறந்தது 1989 நவம்பரில். ஜெர்மனியில் அந்த மாதம்தான் சுவர் விழுந்தது. அவளுடைய அப்பா ரசலையன் கடல்மணலிலிருந்து தாது அரித்தெடுக்கும் மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை பார்த்தார். பத்திரிகையை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை விடாமல் வாசிக்கிற மனிதர். பிள்ளைக்கு எஸ்தர் என்று பெயர் வைக்க அம்மா ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். அவரோ பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "சுவரு இடிஞ்ச ஊருக்க பேரு. கேக்கவும் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, இல்லியா?" என்றார். ஞானஸ்நானத்தன்று போதகர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அந்தப் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் மூக்கில் விரல் வைக்க மாட்டார்கள். அப்பன் பெயரில் ஒரு துண்டு, அம்மை பெயரில் ஒரு துண்டு எடுத்து ஒட்டி, உலகத்தில் எந்த அகராதியிலும் இல்லாத பெயரைப் பிள்ளைக்கு இடுகிற ஊர் அது. ரசலையன் என்ற பெயரே, எப்போதோ வந்துபோன ரசல் என்ற வெள்ளைக்கார மிஷனரியோடு ஒரு ஐயனைச் சேர்த்துக் கட்டியது என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். ஆக, பெயர் என்றால் அது எங்கிருந்தோ வந்தது என்பது பெர்லினுக்குப் பால்குடி வயதிலேயே தெரிந்த சங்கதி.

2005இல் அவள் பத்தாம் வகுப்பு. டியூஷன் முடிந்ததும் திங்கள்சந்தையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் புகுந்துவிடுவாள். 'கணக்குப் பாடத்துக்கு இன்டர்நெட்டில் பார்க்கணும்' என்று வீட்டில் சொல்லியிருந்தாள். பார்த்தது வாளும் கேடயமும். ஒருநாள் கப்பலில் போகிற வீரனை ஒரு கடல்பாம்பு வழிமறித்தது. மேலே பெயர் வந்தது: லிவியாதான்.

பெர்லின் விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டாள். அந்தப் பெயரை அவள் போன ஞாயிற்றுக்கிழமைதான் வேதக்கோயிலில் கேட்டிருந்தாள். யோபுவின் கதையில் வருகிற பெயர். போதகர் வாசித்த பெயர் எப்படி இந்தப் பெட்டிக்குள் வந்தது? வீரன் பாம்பின் வாயில் கிடந்து செத்துக்கொண்டிருக்க, அவள் இன்னொரு ஜன்னலைத் திறந்து தேடினாள்.

தேடியது வேறு கதவுகளைத் திறந்தது. சிரியாவின் கடற்கரையில் ஒரு பழைய நகரம். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த களிமண் பலகைகள். அவற்றில் லோதான் என்று ஏழு தலைப் பாம்பு. அதை அடித்துக் கொன்றவன் பாகால். அந்தப் பாகாலையும் அவளுக்குத் தெரியும். ஞாயிறு வகுப்பில் அவன் பெரிய வில்லன். ஆனால் அந்தப் பலகைகளில் அவன் மழைக் கடவுள். பெயருக்கு அர்த்தம் 'உடையவன்', அவ்வளவுதான். அவனைக் கும்பிட்ட விவசாயிகள் தோற்றார்கள். வென்றவர்கள் எழுதிய கதையில் அவன் பிசாசானான், பிறகு ஈக்களின் தலைவனானான், கடைசியில் திங்கள்சந்தையில் மணிக்கு இருபது ரூபாய்க்கு எவன் வேண்டுமானாலும் வெட்டலாம் என்கிற நிலைக்கு வந்துசேர்ந்தான்.

அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான். பெயர் கண்டால் விடமாட்டாள். நம் கதைகளில் தேவர்கள் நல்லவர்கள், அசுரர்கள் கெட்டவர்கள்; பக்கத்து ஈரானில் அதே அசுரர் 'அகுரர்' என்ற பெயரில் கடவுள், தேவர்கள் பேய்கள். ஒரே வீட்டுப் பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்டு போனபின் ஒருவரையொருவர் ஏசுவதுபோல இரண்டு நாட்டுப் புராணமும் ஏசிக்கொள்வது அவளுக்கு மகா வேடிக்கையாக இருந்தது.

ரசலையனும் தப்பவில்லை. அவர் ஆலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது பெர்லின் வேதியியல் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க அரிக்கிற மணலுல இடிக்கடவுள் ஒருத்தன் கிடக்கான், தெரியுமா?"

"கம்பெனியில யாரும் சொல்லலியே."

"தோர்ணு வடநாட்டு வெள்ளைக்காரனுக்க சாமி. சம்மட்டியும் கொண்டு திரிவான். அவனுக்க பேருதான் தோரியம். மோனசைட்டுல இருக்கது. கறுப்பு மணலுல டைட்டானியம் இருக்குல்லா, அது டைட்டன்ணு கிரேக்கத்து ராட்சசன்மாருக்க பேரு. அந்தப் பேரை இட்டவன் எந்த ஊருக்காரன், சொல்லுங்க பாப்போம்?"

"எந்த ஊரு?"

"பெர்லின்!"

ரசலையன் காலைக் கழுவுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். "அப்போ நான் இத்தனை வருசமும் ராட்சசனை அரிச்சுத்தான் உனக்குச் சோறு போட்டிருக்கேன்."

பெர்லின் பதினேழு வயதில் கடவுளை விட்டாள். பெரிய கலகம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாக் கடவுளும் எங்கிருந்தோ வந்தவர்கள், யாரோ பெயர் வைத்தவர்கள் என்று தெரிந்தபிறகு முழங்கால் படிய மறுத்தது. வீட்டில் அம்மா அழுதாள், பிறகு பழகிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் கேக் தின்பதற்கு மட்டும் விசுவாசம் வேண்டியதில்லை என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

நாகர்கோவிலில் ஆங்கிலம் படித்து, ஒரு வருடம் கால் சென்டரில் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு, 2011இல் திருவனந்தபுரத்தில் கைப்பேசி விளையாட்டு செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். அங்கே தலைவர் சத்தியநேசன், மார்த்தாண்டத்துக்காரர். சுவரில் சிறகு விரித்த டிராகன் ஒன்றின் படம். கீழே 'பகாமுத்' என்று பெயர்.

"பாத்தியா? இதுதான் எங்க புது டிராகன்," என்றார் சத்தியநேசன் பெருமையோடு.

"அது மீனு சார்."

"என்னது?"

"பகாமுத் அராபியாக்காரங்க கதையில பெரிய மீனு சார். உலகத்தைத் தாங்கிக்கிட்டு கிடக்கது. யோபு கதையில பிகெமோத்துணு ஒரு மிருகம் வருதுல்லா, அந்தப் பேருதான் அங்க போய் மீனாச்சு. பொறவு விளையாட்டுக்காரங்க சிறகு வச்சு டிராகன் ஆக்கிட்டாங்க."

சத்தியநேசன் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சவம், ரெண்டு மாசமா நான் மீனுக்குச் சிறகு வச்சுகிட்டா இருக்கேன்? நீ திங்கக்கிழமை வா, பிள்ளே."

போனாள். போய் ஒரு வழக்கத்தையும் உண்டாக்கினாள். அரக்கன் ஒவ்வொருவனையும் தொட்டால் ஒரு சிறு குறிப்பு வரும்: இந்தப் பெயர் யாருடையது, எந்த நாட்டிலிருந்து வந்தது, அங்கே அவன் யாராக இருந்தான். தேடிப் பார்க்காமல் ஒரு பெயரும் உள்ளே போகக்கூடாது என்பது அவளுடைய சட்டம். படம் வரைகிற ஜினோ, "கொல்லப்போறவனுக்க ஜாதகம் எதுக்குட்டி?" என்று நக்கலடிப்பான். பாறசாலைக்காரன், கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இராது. "வெட்டுகதுக்கு முந்தி ஆளு யாருணு தெரிஞ்சுக்கிட்டு வெட்டட்டும்," என்பாள் பெர்லின்.

தினமும் இரணியல் நிலையத்தில் பாசஞ்சர் ஏறி வேலைக்குப் போய் வருவாள். பக்கத்து இருக்கை பகவதியம்மாளுக்கு. எதிர்வீட்டுக்காரி, ஒரே வயது, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நாள் முழுக்க நின்று வீங்கிய காலை எதிர் இருக்கையில் நீட்டிக்கொண்டு கைப்பேசியில் விளையாடுவதில் அவளை அடிக்க ஆளில்லை. கம்பெனி புதிதாக எதைச் செய்தாலும் முதலில் ஏறுவது பகவதியின் கைப்பேசியில்தான். எங்கே தொங்குகிறது, எங்கே இடிக்கிறது என்று அவள் திட்டுவதைக் கேட்டுத்தான் பெர்லின் அலுவலகத்தில் பிழை சொல்வாள்.

2013இன் தொடக்கத்தில் கம்பெனி ஒரு பெரிய விளையாட்டைக் கையில் எடுத்தது. தென்னாட்டு மண்ணில் நடக்கிற கதை. மே விடுமுறைக்கு வெளியாக வேண்டும். இதில் பெர்லினுக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. விளையாட்டின் முடிவில், வரைந்தவர் இன்னார், இசை இன்னார் என்று ஓடுகிற வரிகளில் 'பெயர்கள்: பெர்லின்' என்று ஒரு வரி வரப்போகிறது. இரண்டு வருடம் சண்டை போட்டு வாங்கிய வரி.

ஒருநாள் மதியம் சத்தியநேசன் அவசரமாக வந்தார். "பிள்ளே, உள்ளூர் பேய்க்க பேரு கொஞ்சம் வேணும். இப்பவே வேணும். நல்லா வாயில நிக்கணும்."

பெர்லின் தட்டினாள். வாயில் வந்த வேகத்தில் தட்டினாள். மூன்று பெயர் சரிப்படாமல் அழித்தபின் நான்காவதாக விரல் தானாக அடித்தது: மதகடியாள்.

அவள் வீட்டிலிருந்து பள்ளிக்கும் கோயிலுக்கும் போகிற வழியில் ஒரு குளம். குளத்து மதகின் அடியில் ஒரு கல், மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி. கையைப் பிடித்து நடத்திப்போகும் அம்மா அந்த இடம் வந்ததும் நடையைக் கூட்டுவாள். "அங்கோட்டு நோக்காத. பேயாக்கும்." ஞாயிறு வகுப்பிலும் அதையேதான் சொன்னார்கள். அந்தப் பேயின் பெயர் மதகடியாள்.

சத்தியநேசனுக்குப் பெயர் பிடித்துப்போயிற்று. "என்னா பேரு! இதுதான் பெரிய வில்லி." ஜினோ வரைந்தான்: அவிழ்ந்த முடி, தொங்கும் நாக்கு, எட்டுக் கை, எட்டிலும் அரிவாள். குறிப்பு கேட்டார்கள். பெர்லின் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுச் சாயா குடிக்கப் போனாள்.

சித்திரை பிறந்த வாரம். காலை வண்டி. ஜன்னலோரத்தில் பகவதி புதிய பதிப்பில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். பள்ளியாடி தாண்டியதும் அவள் கட்டைவிரல் நின்றது. மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தாள்.

"மதகடியாள். குளக்கரையில் உறையும் இரத்தவெறி பிடித்த பேய். வீழ்த்தினால் முப்பது பொன்." தலையைத் தூக்கினாள். "ஏட்டி, இது யாரு எழுதினது?"

"நான்தான்," என்றாள் பெர்லின், சிரித்துக்கொண்டே. "எப்படி இருக்கு?"

"இது எனக்க வீட்டு அம்மையாக்கும்."

பெர்லினுக்குச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றதென்று தெரியவில்லை.

"வருசா வருசம் நான் பொங்கலிடுகது, முப்பது பொன்னுக்கு எவனாவது வெட்டிப்போடுகதுக்காட்டி? எட்டுக் கை! எங்க அம்மைக்கு எட்டுக் கைணு உனக்கு யாரு சொன்னா?"

"அய்யோ, வெறும் பேருட்டி. கேம்தானே."

"அப்படியா? அப்போ உனக்க ஏசுவைப் போடு பாப்போம். வெட்டினா எத்தனை பொன்னுணு எழுது."

"நான் எந்தச் சாமியையும் கும்பிடுகதில்ல. உனக்குத் தெரியும்லா?"

"கும்பிடாம இருக்கது வேற. அடுத்தவளுக்க அம்மையைப் பேய்ணு சொல்லுகது வேற."

குழித்துறையில் வண்டி நின்றதும் பகவதி பையை எடுத்துக்கொண்டு இறங்கி அடுத்த பெட்டியில் ஏறிவிட்டாள். மறுநாளும் அடுத்த பெட்டி. அதற்கு மறுநாளும்.

பெர்லினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு கல்லுக்காக இத்தனை வருசப் பழக்கமா? அலுவலகத்தில் தன் குறிப்புகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், தான் எவ்வளவு நேர்மையானவள் என்று தனக்கே காட்டிக்கொள்ள. பாகாலுக்கு நீளமான குறிப்பு. மழைக் கடவுள் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தாள். அசுரருக்கு இரண்டு நாட்டு வரலாறு. யாரும் கேள்விப்படாத பனிநாட்டு ஓநாய்க்குக்கூட அம்மா அப்பா பெயர் தேடிப்பிடித்து எழுதியிருந்தாள். மதகடியாளுக்கு ஒரு வரி. தேடாத ஒரே பெயர். வீட்டு வாசலிலிருந்து கூப்பிடுகிற தூரத்தில் இருந்த ஒரே பெயர்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. கடவுளை விடுவது சுலபம். தன் கடவுளை விட்டவளுக்குக்கூட, எதிர்வீட்டுக்காரியின் கடவுளைப் பேய் என்று சொல்லும் பழக்கம் விட்டுப்போகவில்லை. அந்தப் பழக்கம் அம்மாவின் கண்டுபிடிப்பும் இல்லை. அந்த மண்ணின் ஏழைகளைப் பெரிய கோயில்காரர்கள், 1936இல் ஆலயப் பிரவேச உத்தரவு வரும்வரை, வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏழைகள் வெளியில் தங்களுக்கென்று நட்டுக்கொண்ட கற்களைப் பார்த்த பாதிரிமார் பேய் வழிபாடு என்று எழுதி அனுப்பினார்கள். அதே பாதிரிமார்தான் பள்ளிக்கூடமும் கட்டினார்கள், எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். அதை மறைப்பதும் அயோக்கியத்தனம். ஆனால் எழுத்தோடு சேர்ந்து அந்தச் சொல்லும் வந்தது. நூற்றைம்பது வருடம் வீட்டுக்குள் குடியிருந்துவிட்டு, ஒரு மதிய நேரத்தில் பெர்லினின் விரல் வழியாக வெளியே வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மதகடியாளுக்குக் கொடை, வருடாந்தரத் திருவிழா. பெர்லின் விடுப்பு எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில், வாழ்க்கையில் முதல்முறையாக நடையைக் கூட்டாமல் குளக்கரைக்குப் போனாள்.

ஓலைப் பந்தலுக்குள் வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாடியது ஒரு பெண். வீசுகோல் வில்லில் விழ, மணிகள் குலுங்க, குடத்தைத் தட்டுகிறவர் "ஆமா" போட, கதை போய்க்கொண்டிருந்தது. பகவதி முன்வரிசையில் இருந்தாள். திரும்பிப் பார்த்தாள். எழுந்து வரவில்லை. ஆனால் பக்கத்தில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெர்லின் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

கதை இதுதான். மழை பொய்த்த ஒரு வருடம், குளத்தின் கரையை ஆண்ட பெரியவீட்டுக்காரர் மதகை அடைத்துவிட்டார். தன் மேல்வயலுக்கு மட்டும் தண்ணீர். கீழ்வயலில் கூலிக்காரர்களின் பயிர் கதிர் தள்ளுகிற பருவத்தில் கருகியது. ஆண்கள் போய்க் கைகட்டி நின்று கெஞ்சினார்கள். நடவுக்கு வந்த ஒருத்தி கெஞ்சப் போகவில்லை. உச்சி வேளையில், ஊர் பார்க்க, மம்மட்டியை எடுத்துக்கொண்டு போய் மதகை வெட்டிவிட்டாள். தண்ணீர் கீழே போயிற்று. அவளைப் பிடித்தார்கள். உடைப்பை அடைக்க மண் போதவில்லையாம். அவளையே வெட்டிப் போட்டு அடைத்தார்கள்.

அதன்பிறகு பெரியவீட்டில் ஒவ்வொருவராக விழுந்தார்களாம். பயந்துபோய்க் கல் நட்டார்களாம். காய்ச்சலும் காலராவும் விழுத்தாட்டிய வீடாக இருக்கும், அது வேறு. கொன்றவர்களின் பயம்தான் அந்தக் கல்லை நட்டது. வருடா வருடம் வந்து பொங்கலிட்டு அதற்கு அம்மை என்று பெயர் சொன்னது, தண்ணீர் குடித்தவர்களின் நன்றி.

பாட்டில் வருவதெல்லாம் அப்படியே நடந்ததா? தெரியாது. பாடுகிறவர்கள் கூட்டியிருப்பார்கள், குறைத்திருப்பார்கள். ஆனால் முத்திரை வைத்த சான்று வேண்டும் என்று கேட்பவர் ஒன்றை யோசிக்கட்டும்: அந்தக் காலத்தில் முத்திரை யார் கையில் இருந்தது? கொன்றவன் எழுதி வைக்க மாட்டான். செத்தவளுக்கு எழுதத் தெரியாது. மீதி இருப்பது வில்லும் குடமும்தான்.

பாட்டுக்கு இடையில் பகவதி, திரும்பாமலே சொன்னாள்: "உனக்க பூட்டனும் எனக்க பூட்டனும் ஒரே வரப்பிலதாண்டி நின்னது. தண்ணி வந்தப்போ உனக்க பூட்டன் மட்டும் குடிக்காம இருந்தானா?"

பெர்லின் தலையைத் திருப்பி மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்தாள். "மாத்திடுகேன்," என்றாள்.

"மாத்தினப்பொறவு சொல்லு."

திங்கட்கிழமை சத்தியநேசன் கையை விரித்தார். வெளியீட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். வில்லியின் சிரிப்புக்குக் குரல் பதிந்தாயிற்று, விளம்பரப் படத்தில் பெயர் போய்விட்டது.

"யாருக்குத் தெரியப் போவுது பிள்ளே? அந்தச் சாமியை மொத்தம் அஞ்சாறு வீட்டுக்காரன் கும்பிடுகான்."

"பாகாலுக்கும் கடைசியில அஞ்சாறு வீட்டுக்காரன்தான் மிஞ்சியிருப்பான் சார்."

"தத்துவம் பேசாத. சோலி கிடக்கு."

"சரி சார். அப்போ கடைசியில வருகதுல்லா, 'பெயர்கள்: பெர்லின்'ணு, அதை எடுத்திடுங்க."

சத்தியநேசன் நாற்காலியில் நிமிர்ந்தார். "கிறுக்கா? அந்த ஒரு வரிக்காக ரெண்டு வருசம் எனக்க உசிரை எடுத்தவ நீ."

"அவளைப் பேய்ணு எழுதிப்போட்டு எனக்க பேரை அடியில போட முடியாது சார். அவளுக்க பேரு தப்பாட்டு இருக்கதானா, எனக்க பேரு எதுக்கு?"

கொடையில் கேட்ட கதையைச் சொன்னாள். சத்தியநேசன் இடையில் ஒருமுறை கைப்பேசியைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. முடிந்ததும் வெகுநேரம் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"அவ வில்லி இல்லேண்ணா, பொறவு வில்லன் யாரு? யாரையாவது வெட்டணும்லா? வெட்டாத கேமை எவன் வாங்குவான்?"

"மதகை அடைச்சவன் சார். கரைக்கோமான்ணு பேரு வைப்போம். வீரன் போகும்போ மதகடியாள் மதகை வெட்டிக்கிட்டு நிப்பா. கரைக்கோமானுக்க ஆளு வந்து அவளை அடிக்காம வீரன் காக்கணும். மதகு உடைஞ்சா தண்ணி வரும், நிலை முடியும்."

"கரைக்கோமானா? அந்தப் பேருக்கு உண்டா வரலாறு? தேடாம உள்ள விடமாட்டியே நீ."

"எல்லா ஊருலயும் உண்டு சார்."

சத்தியநேசன் சிரித்துவிட்டார். அதற்குப்பின் அவருக்கு மறுக்க வழியில்லை. ஆனால் ஜினோவுக்கு இருந்தது.

"எட்டுக் கையை வரைய எனக்கு எத்தனை நாளாச்சுணு தெரியுமாட்டி? இப்போ ஆறை வெட்டணுமா?"

"வெட்டுகதுலதான் நாம கெட்டிக்காரங்களாச்சே. வெட்டு."

மிச்சம் இரண்டு கையில் என்ன கொடுப்பது என்று ஜினோ கேட்டான். பெர்லின் துணிக்கடைக்குப் போன் போட்டாள். மறுமுனையில் பகவதி, வாடிக்கையாளர் யாருக்கோ சேலை விரித்தபடியே உத்தரவு போட்டாள்.

"அருவாள் ஒண்ணும் வேண்டாம். மம்மட்டி குடு. நாக்கை உள்ள போடச் சொல்லு. அக்கா, இது சாயம் போகாது, தைரியமா எடுங்க. ஏட்டி, முடியை முடிஞ்சு கொண்டை போடச் சொல்லு. முடியை அவிழ்த்துப் போட்டுக்கிட்டு யாருட்டி வயலுக்கு வேலைக்குப் போவா? வரையுகவன் வயலைக் கண்டிருக்கானா?"

ஜினோ கொண்டை போட்டான். முணுமுணுத்துக்கொண்டே போட்டான், ஆனால் சேற்றில் புதைந்த கால்களை யாரும் கேட்காமலே வரைந்தான். பழைய குறிப்பை அழித்துவிட்டு பெர்லின் புதிதாக எழுதினாள். எழுதுவதற்குமுன் இந்த முறை கேட்டு, எழுதிய பின்னும் பகவதிக்கு வாசித்துக் காட்டி, அவள் "ம்" சொன்ன பிறகே உள்ளே விட்டாள்.

வெளியீட்டுக்குச் சற்று முன் இரணியல் நிலையத்தில் பகவதி பழைய பெட்டியில் ஏறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, கையை நீட்டினாள். "குடு."

வண்டி பள்ளியாடி தாண்டியது. குழித்துறை தாண்டியது. மதகு உடைந்து திரை முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. கரைக்கோமான் குப்புற விழுந்தான். பகவதியின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி சுருங்கியது. வெற்றி பெற்றவருக்கு ஒரு பட்டம் வந்து விழுந்திருந்தது: 'மதகடியாளைக் கொன்றவர்'.

எங்கோ ஒரு மூலையில் மாற்ற மறந்த பழைய வரி. பெர்லினுக்கு அந்த வண்டியின் தரை பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது.

"ஏட்டி," என்றாள் பகவதி, ரொம்ப நிதானமாக. "வெட்டினது கரைக்கோமானை. கொலைப்பழி எனக்கா?"

"இல்லட்டி, அது வந்து, ஜினோ..."

"அந்தக் காலத்துலயும் இப்படித்தான் இருந்திருக்கும். மதகை அடைச்சவன் யோக்கியன், உடைச்சவ பேய்." சொல்லிவிட்டுப் பகவதி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் எதிரில் இருந்த அம்மாள் மீன்கூடையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள். "போன் போடு உனக்க ஜினோவுக்கு. பட்டத்தை மாத்தச் சொல்லு. பொறவு, பொன்னு எத்தனை?"

"கரைக்கோமானுக்கு நூறு."

"கொள்ளாம்."

விளையாட்டு ஒன்றும் உலகத்தைப் புரட்டவில்லை. கொஞ்சம் ஓடியது, பிறகு பெரிய கம்பெனிகளின் விளையாட்டுகள் வந்து அதை விழுங்கின. ஆனால் அது ஓடிய காலத்தில் விளையாடி முடித்தவர்கள் பார்த்திருப்பார்கள், கடைசி வரிகளில் இரண்டு பெண்கள். 'பெயர்கள்: பெர்லின். பிழை கண்டவர்: பகவதியம்மாள்.' தன் பெயரைப் பார்த்த அன்று பகவதி கடை முழுவதற்கும் கைப்பேசியைக் காட்டினாள். ரசலையன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். பெர்லினின் அம்மா இன்றைக்கும் அந்தக் கல்லைக் கும்பிடுவதில்லை. ஆனால் நடையைக் கூட்டுவதை விட்டுவிட்டாள் என்று பகவதி சொல்கிறாள்.

இப்போது உங்கள் பக்கம். உங்கள் தெருவிலும் ஒரு கல் இருக்கும். உங்கள் வீட்டில் யாரோ அதைப் பேய் என்று சொல்லியிருப்பார்கள். இந்த வாரம் அங்கே போங்கள். கும்பிட வேண்டாம், விழுந்து எழ வேண்டாம். அதைத் தங்களுடையது என்று சொல்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றே கேள்வி கேளுங்கள்: இவர் யார், எப்படிச் செத்தார், யார் கொன்றது? கேட்டதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதன்பிறகு கைப்பேசியை எடுத்து, யாரை வெட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.